உட்கார்ந்தபடி சவரம்

என் அப்பா ஸ்தனிஸ்லாஸின் கால்களில் ஒரு குறையும் கிடையாது. பட்டாளத்தில் பதினைந்து வருஷம் பனியிலும் பாறையிலும் ஏறி இறங்கிய கால்கள். ஒரு குண்டடி இல்லை, ஒரு சுளுக்குக்கூட இல்லை. அப்படிப்பட்ட கால்கள்தான் பொம்மிடியில் ஒரு சலூனுக்குள் அவரைக் காட்டிக் கொடுத்தன. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் பட்டியல் நீளம்.

எங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி. ஊரில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், பாதிப்பேர் இந்துக்கள். அதை வைத்து அங்கே சண்டை நடந்ததே இல்லை. ஒருவர் திருவிழாவுக்கு மற்றவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஊரைப் பிரித்த கோடு வேறு. ஊர்த்தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். அந்தக் கோடு மாதா கோயிலுக்குள்ளும் வந்து நின்றது. ஊர்த்தெருக்காரர்கள் பீடத்துக்கு நேராக உட்காருவார்கள். நாங்கள் இடப்பக்கச் சிறகில், தூணுக்குப் பின்னால். பூசையில் மணி அடித்தால்தான் எங்களுக்கு எப்போது முழங்கால் போடுவது என்று தெரியும்.

கஸ்பார் ஊர்த்தெருக்காரர். கிணறு, மோட்டார், மரவள்ளி, ஓட்டுவீடு எல்லாம் உண்டு. அவரும் அப்பாவும் ஒரே நாளில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் வரிசையில் நின்று, ஒரே ரயிலில் வடக்கே போனவர்கள். அங்கே போன பிறகு ஊர்த்தெருவும் இல்லை, காலனியும் இல்லை. ஒரே கூடாரம், ஒரே மக்கில் தண்ணீர், சுவரில் ஒரே கண்ணாடி. விடியுமுன் சவரம் செய்து முடித்திருக்க வேண்டும். பரேடில் ஹவில்தார் வந்து கன்னத்தை விரலால் தடவிப் பார்ப்பார். சொரசொரப்பாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம்தான்.

ஒரு குளிர்காலத்தில் லாரிக் கதவில் சிக்கி கஸ்பாரின் வலது கை நசுங்கியது. கட்டு அவிழ்க்கிறவரை அவருக்குச் சவரம் செய்தது யார்? என் அப்பா. ஒரு கையால் கஸ்பாரின் தாடையைப் பிடித்துத் தூக்கி, மறு கையால் ரேசரை இழுத்து, கழுத்து மடிப்பில் ஒரு கீறல் இல்லாமல் செய்துவிடுவாராம். 'கஸ்பாரு, அசையாத' என்பாராம். 'நீ பேசாம பண்ணுடா' என்பாராம் அவர். இதைச் சொல்லும்போது அப்பா சிரிப்பார். நான் சின்னப்பெண்ணாக இருந்தபோது நானும் சிரித்திருக்கிறேன்.

பட்டாளத்தை முடித்துக்கொண்டு இருவரும் ஒரே ரயிலில்தான் திரும்பி வந்தார்கள். ஜோலார்பேட்டைவரை 'கஸ்பாரு, டீ சாப்படறியா' என்று பேசிக்கொண்டு வந்த அப்பா, பொம்மிடி பிளாட்பாரத்தில் இறங்கியதும் வாயை மூடிக்கொண்டார். கஸ்பாரை அழைத்துப்போக அவர் அண்ணன் தம்பிகள் மாட்டுவண்டி கட்டி வந்து நின்றார்கள். அப்பா கஸ்பாரின் டிரங்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். 'வரேனுங்க' என்றார். தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார். கஸ்பார் திரும்பிப் பார்த்தாரா என்று நான் ஒருமுறை கேட்டேன். 'வண்டி ஆடுச்சும்மா, சரியாத் தெரியல' என்றார். என்ன பதில் பாருங்கள்!

வந்த வாரமே கஸ்பார் தன் ரேசரைப் பரணில் போட்டார். ஊர் நாவிதர் பச்சியப்பன் வீடு தேடி வந்து சவரம் செய்கிறபோது அது எதற்கு? பச்சியப்பன் ஊர்த்தெருவுக்கு மட்டும் சவரக்கத்தி எடுப்பார். காலனி முகத்தில் கத்தி வைத்தால் களத்தில் அவருக்கு அளக்கிற கேழ்வரகு நின்றுபோகும். எங்கள் ஆண்கள் ஒருவருக்கொருவர் சிரைத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் காலனிக்குள் வந்தால் பாதிப்பேர் தாடையில் இரத்தத்தோடு திரிவார்கள்.

அப்பா மட்டும் தினமும் காலையில் தன் பட்டாளத்து ரேசரால் மழுமழுவென்று சவரம் செய்துகொண்டார். கைப்பிடியைத் திருகினால் மூன்று துண்டாகக் கழலும் ரேசர் அது. மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் கூரான பிளேடை வைத்து முறுக்க வேண்டும். பிரஷ்ஷில் சோப்பை நுரைக்கவிட்டு முகம் முழுக்கப் பூசுவார். 'நொர நல்லா எழும்புனாத்தான் மயிரு எந்திரிச்சு நிக்கும்' என்பார். இழுக்கும்போது அழுத்தவே மாட்டார். ரேசரின் கனமே போதும் என்பது அவர் கணக்கு. அப்போது அவரைப் பார்த்தால் ஒரு பெரிய ஆபீசர் மாதிரி இருக்கும். எழுந்து துண்டைத் தோளில் போட்டதும் மறுபடி காலனி ஸ்தனிஸ்லாஸ் ஆகிவிடுவார்.

எழுபத்தெட்டாம் வருஷமோ எழுபத்தொன்பதோ, பென்ஷன் விஷயமாக பொம்மிடிக்குப் போன ஒருநாள், ரயிலடிப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு சலூன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். பேண்ட், பூட்ஸ், மேலே முறுக்கிய மீசை. சலூன்காரர் கிருஷ்ணப்பன் அவரைப் பார்த்து, 'வாங்க சார், உக்காருங்க, காலியாத்தான் இருக்குது' என்றார்.

அந்த 'உக்காருங்க' அப்பாவை என்ன செய்ததோ! உள்ளே போனார். சுழலும் நாற்காலியில் உட்கார்ந்தார். கிருஷ்ணப்பன் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டி, இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அப்பாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பிறந்ததிலிருந்து ஒரு வெளியாள் அவர் முகத்தை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்: 'ராயம்மா, கண்ண மூடிட்டேன். தூக்கமே வந்துடுச்சு.'

அன்றோடு பட்டாளத்து ரேசர் பெட்டிக்குள் போயிற்று. சனிக்கிழமை தோறும் பொம்மிடி பஸ். அம்மா கிண்டல் செய்வாள்: 'மூஞ்சி செரைக்க பஸ் ஏறிப் போற மகாராசன இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்திதான் கட்டியிருக்கேன்.' அப்பா பவுடர் வாசனையோடு வந்து கன்னத்தைக் காட்டி, 'தொட்டுப் பாரு' என்பார். அவள் தொட்டுப் பார்க்கவும் செய்வாள். ஆறேழு வருஷம் இப்படிப் போனது. கிருஷ்ணப்பனுக்கு அப்பா 'மிலிட்டரி சார்'. எந்த ஊர் என்று கேட்டிருந்தார், அப்பாவும் சொல்லியிருந்தார். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பூட்ஸும் மீசையும் அந்தக் கேள்விக்கு வேலை வைக்கவில்லை.

எண்பத்தைந்தில் மாதா பிறந்தநாள் திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. முந்தின நாள் சனிக்கிழமை அப்பா வழக்கம்போலப் போனார். கிருஷ்ணப்பன் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது பக்கம் திரும்பிய நேரம், கண்ணாடியில் வாசல் தெரிந்தது. வாசலில் கஸ்பார்.

கஸ்பார் சலூனுக்குப் போகிறவரே இல்லை. அன்றைக்கு என்ன கேடோ, பச்சியப்பன் சொந்தத்தில் யாரோ செத்துப் போனார் என்று அரூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். திருவிழாவுக்கு வருகிற சம்பந்தியை அழைக்க கஸ்பார் சேலம் ரயிலுக்கு வந்தவர், நாலு நாள் தாடியோடு போவதா என்று உள்ளே நுழைந்தார்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. முகத்தில் பாதி சோப்பு, கழுத்தில் துணி, பக்கத்தில் திறந்த கத்தியோடு சலூன்காரர். அப்பா விறைப்பாக எழுந்து, நாற்காலியை விட்டு ஒதுங்கி, தோளில் இல்லாத துண்டைக் கையால் தேடினாராம். ஊரில் கஸ்பார் எதிரே வந்தால் காலனி ஆண்கள் எல்லாரும் செய்கிற காரியம் அது. சாணி மிதித்தால் காலை உதறுகிறோமே, யோசித்தா உதறுகிறோம்?

கிருஷ்ணப்பன் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அவரும் இதே ஜில்லாக்காரர்தானே, புரிய எவ்வளவு நேரமாகும்?

கஸ்பார் சொன்னது இவ்வளவுதான்: 'என்னடா ஸ்தனிஸ்லாஸு, இங்கதான் வர்றியா? எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.' சொல்லிவிட்டு, காலியாக இருந்த அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

ஆமாம், உட்கார்ந்தார். அப்பா உட்கார்ந்த சூடு ஆறாத நாற்காலியில். அப்பாவின் கையில் தன் தாடையைக் கொடுத்துவிட்டு அசையாமல் இருந்த மனிதர் உட்கார்ந்தார்.

கிருஷ்ணப்பன் அப்பாவின் கழுத்துத் துணியை அவிழ்த்தார். வழக்கமாக அதை உதறி அடுத்தவருக்குக் கட்டுவார். அன்றைக்கு அதைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டு, அலமாரியிலிருந்து வேறு துணி எடுத்தார். டெட்டால் என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் கத்தி அன்றைக்கு டெட்டாலில் குளித்தது. 'நீ கொஞ்சம் வெளிய இருப்பா, பாத்துக்கலாம்' என்றாராம் கிருஷ்ணப்பன். ஏழு வருஷத்து 'சார்' ஒரு நிமிஷத்தில் 'நீ' ஆனது.

அப்பா வெளியே இருக்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டார். மத்தியானம் நான் வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பள்ளி முடித்துவிட்டு ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கேட்டு வீட்டில் இருந்த காலம் அது. இடது கன்னத்தில் சோப்பு காய்ந்து வெள்ளையாக உதிர, தாடி பாதி முகத்தில் மட்டும் நிற்க, அவர் நடந்து வந்தார். பஸ்ஸில் அத்தனை பேர் பார்த்திருப்பார்கள்.

'என்னாச்சுப்பா?' என்றேன்.

அவர் மண் தரையில் உட்கார்ந்து, தன் முழங்காலை ஓங்கி அடித்தார். 'இந்தக் காலுதான்! இந்தப் பாழாப்போன காலுதான்!' மறுபடி அடித்தார். அம்மா ஓடி வந்து கையைப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது.

எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. 'ஏம்ப்பா எந்திரிச்சீங்க? யாரு சொன்னாங்க எந்திரிக்க? காசு குடுத்துத்தான உக்காந்தீங்க?' என்று கத்தினேன்.

'நானா எந்திரிச்சேன்?' அப்பாவும் கத்தினார். 'அது எந்திரிச்சுதும்மா! நான் கண்ணாடியில பாத்தேன். நான் எந்திரிக்கறத நானே பாத்தேன்!'

'அந்தாளாவது ஒரு வார்த்த, உக்காருன்னு...'

'அவன் உக்காந்துட்டானே' என்றாள் அம்மா. கஸ்பாரை அவள் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்பா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். பட்டாளத்துச் சட்டைக்கு அடியில் ரேசர் பச்சை பூத்துக் கிடந்தது. பிரஷ்ஷில் பாதி மயிர் கொட்டிப்போயிருந்தது. காலனிக் கடையில் நான் போய் பிளேடு வாங்கி வந்தேன். மீதிக் கன்னத்தைச் சிரைக்க ஆரம்பித்தவர் இழுத்த முதல் இழுப்பிலேயே தாடையில் நீளமாகக் கிழித்துக்கொண்டார். ஏழு வருஷம் அடுத்தவன் கையில் முகத்தைக் கொடுத்தவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. கோபத்தில் வேறு அழுத்தினார். தண்ணீர்க் கிண்ணம் சிவந்தது. படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டு, 'எரியட்டும்' என்றார்.

மறுநாள் திருவிழாவில் மாதா தேர் ஊர்த்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, வழக்கம்போலக் காலனி முனையில் திரும்பிப் போனது. அப்பா அதைப் பார்க்க வெளியே வரவில்லை.

அடுத்த வாரம் தருமபுரிக்குப் போனவர் ஒரு இரும்பு மடக்கு நாற்காலியோடு இறங்கினார். எங்கள் வீட்டில் அதுவரை நாற்காலி கிடையாது. அம்மா, 'இது எதுக்கு, யாரு வந்து உக்கார?' என்றாள். 'நான் உக்கார' என்றார்.

எங்கள் வீடு காலனி முனையில், ஊர்த்தெருக்காரர்கள் தோட்டத்துக்குப் போகிற தடத்தை ஒட்டி இருந்தது. காலையில் அவர்கள் சைக்கிளிலும் நடையிலுமாகப் போகிற நேரம் பார்த்து அப்பா நாற்காலியை வாசலில் விரிப்பார். கண்ணாடியைச் சுவரில் தடம் தெரிகிற மாதிரி மாட்டினார். நுரை பூசுவார். ரேசரைக் கழுத்தில் வைப்பார். அப்புறம் காத்திருப்பார்.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியில் ஊர்த்தெருக்காரர் ஒருவர் தெரிவார். அப்பாவின் இடுப்பு நாற்காலியிலிருந்து எழும்பும். பிளேடு கழுத்தில் இறங்கும். இரத்தம் வரும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கால் எழுந்தால் கழுத்து அறுபடும் என்று கால்களுக்குப் பாடம் நடத்துகிறார்! சவரம் ஒரு சாக்கு. பட்டாளத்துக்காரர் மூளை வேறு எப்படி வேலை செய்யும்?

'இந்தாளுக்குப் புத்தி கெட்டுப் போச்சு' என்று அம்மா அழுதாள். அழுதுகொண்டே படிகாரமும் வைத்துவிட்டாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். சாயங்காலம் அவர் தாடையைத் திருப்பிப் பார்த்து விசாரிப்பாள்.

'இது யாருக்கு?'

'வாத்தியாருக்கு.'

'இது?'

'மைனரு சைக்கிள்ல வந்தான்.'

'இந்தச் சின்னது?'

'பச்சியப்பன்' என்று முனகினார் அப்பா.

'ஏங்க, அவருக்குமா?' என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒருநாள் தடத்தில் யாருடைய எருமையோ வந்ததற்குக்கூட அவர் அரைக்கால் எழுந்தார். எருமைக்காரனைப் பின்னால் எதிர்பார்த்திருப்பார். மனிதனுக்குள் இந்த முடிச்சை யார் போட்டு இத்தனை இறுக்கினார்கள்? என் தாத்தன் போட்டானா, அவனுடைய தாத்தன் போட்டானா? அடித்து அடித்துப் போட்டிருப்பார்கள். அவிழ்க்கிறவன் கழுத்துதான் அறுபடுகிறது.

ஐப்பசி மழையிலும் அப்பா கூரை இறவாணத்துக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மார்கழிக்குள் கீறல்கள் குறைந்தன. கை பழைய பக்குவத்துக்கு வந்துவிட்டது. அழுத்தாமல், ரேசரின் கனத்தாலேயே இழுத்தார். கிறிஸ்துமஸ் அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு காயம் இல்லை. யார் போனாலும் இடுப்பு எழும்பவில்லை. கால்விரல்கள் மட்டும் தரையைப் பிறாண்டும். தடத்தில் போகிறவர்கள் சிலர் முறைத்தார்கள், ஒருவர் காறித் துப்பினார். ஆனால் சவரம் செய்துகொண்டிருக்கிறவனிடம் என்னவென்று சண்டை போடுவது?

கஸ்பார் மட்டும் அந்தத் தடத்தில் வரவே இல்லை. அவர் தோட்டம் வேறு பக்கம். அந்த ஒரு பரீட்சை மிச்சம் இருந்தது, அது அப்பாவுக்குத் தெரியும். 'அவன் வரணும் இசபெல்லு' என்பார். 'மத்தவங்கள்லாம் கணக்குல சேத்தியே இல்ல.'

மறு வருஷம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த தேர்தல், ஆளாளுக்கு வெள்ளை வேட்டி. கஸ்பார் தலைவருக்கு நின்றார். எதிரே நின்றவரும் ஊர்த்தெருதான், அதனால் ஊர்த்தெரு ஓட்டு இரண்டாகப் பிரிந்தது. அப்போதுதான் காலனிக்கு ஒரு வழி இருக்கிறது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

அன்றைக்குக் காலையில் அப்பா சவரம் முடித்து முகத்தைத் துடைத்துவிட்டிருந்தார். காலனிக்குள் மேளச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் ஒரு கூட்டம் தெரிந்தது. முன்னால் கும்பிட்ட கையோடு கஸ்பார், பக்கத்தில் அவருக்கு வலது கையாகத் திரிந்த மாதேஸ்வரன்.

'இசபெல்லு, சுடுதண்ணி கொண்டா' என்றார் அப்பா.

'இப்பத்தான முடிச்சீங்க?'

'கொண்டாம்மா!'

கொண்டுவந்தேன். மழுமழுவென்று இருந்த முகத்தில் மறுபடி நுரையைப் பூசினார். கூட்டம் வாசலுக்கு வந்து நின்றபோது ரேசர் அவர் தொண்டைக்குழியில் இருந்தது.

'ஸ்தனிஸ்லாஸு, நல்லாருக்கறியா?' என்றார் கஸ்பார்.

'வா கஸ்பாரு' என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்தபடி.

மேளம் நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் அக்கம்பக்கத்து வாசல்களுக்கு வந்துவிட்டார்கள். மாதேஸ்வரன் பாய்ந்து முன்னால் வந்தான். அவனுக்கு என் வயதுகூட இருக்காது. 'டேய், யாரப் பாத்துப் பேரச் சொல்லிக் கூப்படற? பெரியவரு வந்து நிக்கறாரு, எந்திரிடா மொதல்ல!'

'கழுத்துல பிளேடு இருக்குதுங்க தம்பி' என்றார் அப்பா. 'எந்திரிச்சா அறுத்துக்கும்.'

'இருக்கட்டும் மாதேஸ்வரா. அவன் முடிக்கட்டும், நான் நிக்கறேன்' என்றார் கஸ்பார். பெருந்தன்மையாம்! ஓட்டுக்கு நிற்கிறவன் நிற்காமல் என்ன செய்வான்? அம்மா பதறி உள்ளே பாய் எடுக்கப் போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன்.

அப்பா அவசரப்படவில்லை. ஒரு மயிர்கூட இல்லாத கன்னத்தில் மேலிருந்து கீழே இழுத்தார், தண்ணீரில் அலசினார், மறுபடி இழுத்தார். கஸ்பார் வெயிலில் நின்றார். பேச்சில்லாமல் நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். 'அதே ரேசரா? அந்தக் குளிர்ல...' என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

'சொல்லு கஸ்பாரு, ஏன் நிறுத்திட்ட?' என்றார் அப்பா. 'உனக்குக் கை நசுங்கிக் கெடந்தப்ப நாந்தான் செரைச்சு வுட்டேன். இதே ரேசருதான்.'

மாதேஸ்வரன் கஸ்பாரின் முகத்தைப் பார்த்தான், கூடவே அவர் தாடையையும். எனக்கு அந்த நிமிஷம் தேர்த் திருவிழா பார்த்த மாதிரி இருந்தது.

சவரம் முடிந்தது. அப்பா முகத்தைத் துடைத்தார். ரேசரைத் திருகி, மூன்று துண்டாகக் கழற்றி, பிளேடைக் கழுவிக் காகிதத்தில் மடித்து, ஜன்னலில் வைத்தார். இனி கழுத்தில் பிளேடு இல்லை. எழுந்திருக்காமல் இருக்க ஒரு சாக்கும் இல்லை. அப்பா நாற்காலியோடு நகர்ந்து கஸ்பாருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

'பொம்மிடியில நான் எந்திரிச்சேன், நீ உக்காந்த' என்றார். 'உக்காரு ஸ்தனிஸ்லாஸுன்னு ஒரு வார்த்த. அதச் சொல்ல எவ்ளோ நேரம் ஆவும் கஸ்பாரு? ரயிலு போயிருக்குமா?'

கஸ்பார் சொன்னார்: 'அவசரத்துல இருந்தேன்பா. மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுச் செய்யல.'

'எனக்கும் மனசுல ஒண்ணும் இல்ல. எங்காலுதான் எந்திரிச்சுது. உனக்கும் காலுதான் போய் உக்காந்திருக்கும்.' அப்பா கஸ்பாரின் காலைப் பார்த்தார். 'என் கால நான் திருத்திட்டேன். உன்னுத நீ பாத்துக்க. ஓட்டப் பத்தி யோசிக்கறேன். போய்ட்டு வா.'

கஸ்பார் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். மாதேஸ்வரன் போகிற போக்கில் எங்கள் தண்ணீர்க் கிண்ணத்தை உதைத்துவிட்டுப் போனான். உதைக்கட்டும். கிண்ணம் நெளிந்ததே தவிர உடையவில்லை.

கூட்டம் முனை திரும்புகிறவரை அப்பா அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். லுங்கிக்குக் கீழே முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கால்விரல்கள் மண்ணுக்குள் புதைந்திருந்தன. பெருவிரல் நகம் ஓரத்தில் கிழிந்து இரத்தம் கசிந்தது. அவ்வளவு நேரமும் அந்தக் கால்கள் எழுந்திருக்கத்தான் முண்டியிருக்கின்றன. அவர் அவற்றை மண்ணில் நட்டு வைத்திருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. அந்த மனிதர் மேல் எத்தனை பேர் ஏறி உட்கார்ந்திருந்தால், தன் வீட்டு வாசலில் தன் நாற்காலியில் உட்காருவதற்கு இவ்வளவு பாடு பட வேண்டியிருக்கும்!

'எந்திரிக்கல இல்ல?' என்று கேட்டார்.

'இல்லப்பா.'

'நல்லாப் பாத்தியா?'

'பாத்தேன்பா. எந்திரிக்கல.'

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார். 'காலு மரத்துப் போச்சும்மா. கையக் குடு, எந்திரிக்கறேன்.'

நான் கையைக் கொடுக்கவில்லை.

'எதுக்குப்பா எந்திரிக்கணும்?' என்றேன். 'உக்காருங்க.'

அம்மா உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். அப்பா உட்கார்ந்தபடியே வாங்கிக் குடித்தார்.